வாகாய் வளைத்த கம்பி

நான் ராஜபாளையத்தில் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவள். வீட்டின் முகப்பு எப்படி இருக்க வேண்டும், பூஜை அறை எந்த மூலையில் வர வேண்டும் என்பதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தூண் எவ்வளவு தடிமன், அதற்குள் எத்தனை கம்பி, அந்தக் கம்பிகளைச் சுற்றி எத்தனை இஞ்சுக்கு ஒரு ரிங், இதுதான் என் எல்லை. கட்டி முடித்துப் பூசிவிட்டால் நான் செய்ததில் ஒன்றுகூட வெளியே தெரியாது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் டைல்ஸைத்தான் பாராட்டுவார்கள்.

நிலநடுக்கத்துக்கான விதிப்படி கணக்கிட்டது என்று நான் வரைந்து கொடுக்கும் படத்தின் ஓரத்தில் எழுதியிருப்பேன். அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத வீட்டுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. “பூகம்பமா? நம்ம ஊர்லயா? மழையே ஒழுங்கா வர மாட்டேங்குது மேடம், பூகம்பம் எங்கிட்டு வரப்போகுது?” என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் என்றால் கோபுரத்தைக் கைகாட்டுவார்கள். அது இத்தனை காலமாக நிற்கிறதாம். கோபுரத்தை உங்கள் மச்சான் அவசர அவசரமாகக் கட்டவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். சொன்னதும் உண்டு. அதனால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு.

நம் பக்கம் அப்படியொன்றும் பெரிய ஆபத்துள்ள வட்டாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து குறைவு என்று சொன்னால் ஆபத்தே இல்லை என்று கேட்டுக்கொள்கிற காது நமக்கு. அடுத்தவர் காதைப் பற்றிப் பேசிப் பேசியே என் காதை நான் கவனிக்காமல் விட்டேன்.

ரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. தூணுக்குள் நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சதுரமாக வளைத்துக் கட்டும் மெல்லிய கம்பிதான் ரிங். அதன் இரண்டு நுனிகளும் ஒரு மூலையில் வந்து சேரும். அந்த நுனிகளைச் செங்கோணத்தில், ஆங்கில எழுத்து ‘எல்’ மாதிரி, மடக்கி விட்டுவிடலாம். அல்லது இன்னும் பாதி மடக்கு கூட மடக்கித் தூணின் உள்பக்கமாக நுழைத்துக் கொக்கியாக்கலாம். சாதாரண நாளில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பூமி ஆடும்போது தூணின் மேல்தோல் உதிரும். அப்போது எல் மடக்கு, சரியாகக் கட்டாத மூட்டை மாதிரி வாயைத் திறந்துவிடும். உள்ளே இருக்கிற கம்பிகள் புடைத்துக்கொண்டு வெளியே வரும், தூண் உட்கார்ந்துவிடும். கொக்கி மட்டும் பிடியை விடாது. ஒரு விரல் நீளக் கம்பி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நம்பித்தான் மேலே ஒரு குடும்பம் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கூப்பிட்டால் போய் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் என் அண்ணன் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்வேன். பத்து வருஷம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பிழையாகச் சொன்னேன்.

அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் வீடு கட்டியபோது படம் போட்டவள் நான். கீழே சுவரில்லாமல் தூண்கள் மட்டும், வண்டி நிறுத்துவதற்கு. முன்வரிசையில் நாலு, பின்வரிசையில் நாலு. அதன்மேல் வீடு. தங்கச்சி இஞ்சினியர் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே தூணைப் பற்றிப் பேசுவார். வந்தவர்கள் பாவம், முந்தானையைப் பார்ப்பதா தூணைக் கேட்பதா என்று முழிப்பார்கள்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் தூண்களுக்குக் கான்கிரீட் போட நாள் குறித்திருந்தார்கள். அதை விட்டால் ஆடி. ஆடியில் எங்கள் வீட்டில் புது வேலை எதையும் தொட மாட்டார்கள். ஊருக்கும் அந்த மாதம் தேரைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. நான் அன்று காலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசை நாலும் நிரம்பியிருந்தன. பின்வரிசைத் தூண்களுக்கு இன்னும் பலகை அடைக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ரிங் நுனி அத்தனையும் எல்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கம்பி மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியவர், என்னோடு பல வேலைகள் செய்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். அன்று அண்ணாச்சியும் இல்லை, மரியாதையும் இல்லை. “படத்துல என்ன போட்டிருக்கு? கண்ணு தெரியுதா இல்லையா? இது யாரு வீடுன்னு நெனச்சீரு?” என்று சித்தாள்கள் முன்னால், அண்ணன் முன்னால், கத்தித் தீர்த்தேன். கலவை மெஷினைக்கூட நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, “நீங்க சொன்னதுதானம்மா” என்றார், மெதுவாக.

மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்கிற பதில்தானே என்று நினைத்தேன். பின்வரிசை நாலையும் அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தேன். அவர் ஏணியைப் போட்டு ஏறினார்.

நிரம்பிவிட்ட முன்வரிசையையும் அப்போதே பிரித்திருக்க வேண்டும். கான்கிரீட் இறுகவில்லை. பலகையைக் கழற்றினால் சேறு மாதிரி சரிந்திருக்கும், கம்பியைக் கழுவிவிட்டு மறுபடி கட்டியிருக்கலாம். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் மதினி குங்குமத் தட்டோடு நின்றிருந்தார். நல்ல நேரத்தில் எழுப்பிய முதல் தூணை அதே நேரத்தில் இடித்துப் போடு என்று எந்த வாயால் சொல்வது? அண்ணன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “ஒண்ணும் ஆகாதுல்லட்டி?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாதுண்ணே” என்றேன்.

அந்த மேஸ்திரிக்கு அதற்குப் பிறகு நான் வேலை கொடுக்கவில்லை. என்னிடம் விசாரித்த இஞ்சினியர்களிடம், அந்த ஆளை நம்பிப் படத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் கேரளாவுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லூரிப் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லி முடிக்கும்போது, “பார்த்தீர்களா, படம் சரியாக இருந்தால் போதாது, கம்பி கட்டுகிற கை சரியாக இருக்க வேண்டும்” என்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

போன வருஷம் ஒரு நாள் மதியம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது. நாலைந்து நொடிதான் இருக்கும். பொழுதுபோகாமல் தொங்கிய காலண்டர் சுவரில் தட்டிக்கொண்டது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். மில்லுக்குப் பஞ்சு லாரி போயிருக்கும் என்றார் ஒருவர். எங்கேயோ தூரத்தில் வந்ததன் வால் இது என்று கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் வந்தது. அதற்குள் டீக்கடையில் சிரிப்பு தொடங்கிவிட்டது. நான் சிரிக்கவில்லை. என் மனசு நேரே அண்ணன் வீட்டு முன்வரிசைக்குப் போய் நின்றுகொண்டது.

போன் அடித்தது. அண்ணன்தான்.

“ஏட்டி, பாத்தியா? ரேக்குல பாத்திரமெல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு. வீடு அசையலையே! எந்தங்கச்சி போட்ட படம்லா!” என்று ஒரே குதூகலம். நான் பதில் சொல்வதற்குள், “இன்னொண்ணு கேளு. நம்ம பயலுக்குக் கல்யாணம் கூடி வருது. மேல ஒரு மாடி எடுத்துருவோம்னு நெனைக்கேன். நீயே படத்தப் போட்டிரு” என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. மேலே எவ்வளவு கனம் ஏறுகிறதோ, ஆட்டம் வரும்போது கீழே அவ்வளவு இழுப்பு. அண்ணன் மகனும் வரப்போகிற பெண்ணும் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் சேர்ந்து அந்த நாலு தூண்களின் தலையில் ஏறப்போகிறார்கள். ஏதாவது சாக்கு சொல்லி நான் ஒதுங்கிக்கொண்டால், அண்ணன் வேறொருவரிடம் போவார். அந்த வேறொருவரும், நான் போட்ட தூண்தானே என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். என் பேர் அந்த வட்டாரத்தில் அப்படி. அந்தப் பேரை நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது.

நாலு தூண்களையும் பலப்படுத்தியே ஆக வேண்டும். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். கம்பி இருக்கிற இடத்தைக் காட்டும் கருவி உண்டு. நுனி எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதை அது நம்பும்படி சொல்லாது. அது தெரிந்த ஆள் ஒருவர்தான்.

மேஸ்திரியின் சொந்த ஊரான சேத்தூரில் இறங்கி விசாரித்தேன். கேரளாவிலிருந்து எப்போதோ திரும்பிவிட்டாராம். தேவதானம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார் என்றார்கள். போனேன். முழங்கால் வரை சேறோடு மண்வெட்டியைப் பிடித்து நின்றவர் என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா, என்ன இம்புட்டு தூரம்?” என்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்த முன்வரிசை நாலும் முழுக்க எல்தானா, இல்லை எதிலாவது கொக்கி இருக்கிறதா?

“முழுசும் எல்லு இல்லம்மா” என்றார். “ஆரம்பத்துல நீங்க போட்ட மாதிரியேதான் கட்டுனேன். கொக்கி போட்ட ரிங்கப் பக்கவாட்டுல நொழைக்க முடியாதுல்லா? ஏணியில ஏறி மேலருந்து ஒவ்வொண்ணாக் கோத்து எறக்கணும். ஆளு ரெண்டு பேருதான். விடிஞ்சா முகூர்த்தம். இப்படியே போனா முடியாதுன்னுட்டு ஒங்களுக்குப் போன் போட்டேன். பொறவுதான் மாத்துனேன். எந்தத் தூணுல மாத்துனேன்னு ஞாபகம் இல்ல.”

“எனக்கா போன் போட்டீங்க?”

“ஒங்களுக்குத்தாம்மா. மில்லுச் சத்தம் கேட்டுது. கொக்கி கோக்க நேரம் பத்தாது, என்ன செய்யன்னு கேட்டேன். ‘வாகா வளைச்சுக்கோங்க அண்ணாச்சி’ன்னு சொல்லி வச்சிட்டீங்க.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முந்தின நாள் மதியம். ஒரு நூல் மில்லில் புது ஷெட்டுக்குத் தூண் இடம் குறித்துக்கொண்டிருந்தேன். போன் திரையில் பஞ்சுத் தூசு படிந்திருந்தது, அதைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். மில் மேனேஜர் டேப்பை நீட்டிப் பிடித்தபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாகா வளைச்சுக்கோங்க. நான்தான் சொன்னேன். என் குரலேதான்.

எங்கள் ஊரில் ‘வாகா’ என்றால் இரண்டு அர்த்தமும் உண்டு. கதவு நிலையில் வாகாப் பொருந்தியது என்றால் அச்சாகப் பொருந்தியது. வாகா உட்காரு என்றால் உனக்குச் சௌகரியமாக உட்காரு. சரியாகச் செய்யுங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று வாதாடலாம். அந்தத் தோப்பில் நின்றபோது முதலில் எனக்குத் தோன்றியதும் அதுதான், வெட்கமாக இருக்கிறது. ஆனால் நேரம் பத்தாது என்று கேட்கிற ஆளிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொள்வார்? உண்மையில் நான் இரண்டு அர்த்தத்திலும் சொல்லவில்லை. போனை வைத்தால் போதும் என்று சொன்னேன்.

“அன்னைக்கே இத ஏன் அண்ணாச்சி சத்தமாச் சொல்லல?”

“சொன்னேனேம்மா.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மண்வெட்டியால் ஒரு வரப்பை வெட்டித் தண்ணீரை அடுத்த மரத்துக்குத் திருப்பிவிட்டார். “அத விடுங்க. வீடு நல்லாருக்கா?” என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தூணைப் பலப்படுத்தும் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். “முட்டி போயிருச்சும்மா. ஏணி ஏற ஏலாது” என்றார். செத்த நேரம் இருந்து இளநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் இருக்கவில்லை.

மறுநாள் பழைய இஞ்சினியர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்து, அந்த மேஸ்திரி மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். ஒருவருக்கு ஆளையே நினைவில்லை. இன்னொருவர், “அதுக்கென்ன மேடம் இப்ப, எம்புட்டு வருஷம் ஆச்சு” என்று சிரித்தார். என் பழைய பேச்சு ஒரு வாரத்தில் ஊரைச் சுற்றி வந்தது. இந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள ஆளில்லை. கல்லூரிப் பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ, அவர்களை எங்கே போய்த் தேடுவது?

ஊராரிடம் சொல்ல முடிந்ததை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. மாடி எடுக்க முடியாது, முதலில் முன்வரிசைத் தூண்களைக் கொத்தி, புதுக் கம்பி கட்டி, சுற்றிலும் கான்கிரீட் சட்டை போட வேண்டும் என்று விளக்கினேன். கல்யாணத்தைத் தள்ள முடியாது, மகனும் மருமகளும் வாடகை வீட்டில்தான் குடியேற வேண்டும் என்பது அண்ணனுக்குப் புரிந்தது. முகம் சுண்டிப்போனது. கோபம் மேஸ்திரி மேல் திரும்பியது. “அந்த மனுசன நம்பி வீட்டக் குடுத்தோம்லா, நம்மளச் சொல்லணும். அவரு நல்லாவே இருக்க மாட்டாரு” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “இப்ப அதப் பேசி என்ன ஆகப்போகுதுண்ணே” என்றேன். அண்ணனுக்கு நான் ஏதோ பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டவள் மாதிரி தெரிந்திருக்கும். மதினி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்தேன், அதுதான் கொடுமை.

கார்த்திகை மழை விட்டதும் வேலை தொடங்கியது. உத்தரங்களுக்குக் கீழே இரும்பு முட்டு கொடுத்துவிட்டு முதல் தூணைக் கொத்தினார்கள். சிமெண்ட் பொடி கார்மேல் படியும் என்று அண்ணன் காரைத் தெருவில் விட்டுவிட்டு, கடைக்கும் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தூணின் தோல் உதிர்ந்தது. அடியிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு ரிங்கும் கொக்கியாக மடங்கி உள்ளே போயிருந்தது. நான் படத்தில் போட்டதைவிட நேர்த்தியாக இருந்தது. “நல்லாத்தானட்டி இருக்கு?” என்றார் அண்ணன். நான் அடுத்ததைக் கொத்தச் சொன்னேன்.

இரண்டாவது தூண் மதியத்துக்கு மேல் வெளிப்பட்டது. கீழே கொக்கி. அதற்கு மேலும் கொக்கி. என் இடுப்பு உயரத்துக்கு மேலே போனதும் எல். அங்கிருந்து உச்சி வரை எல். அண்ணன் எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது என்னட்டி, இடுப்பு வரைக்கும் ஒரு மாதிரி, அதுக்கு மேல வேற மாதிரி?”

கடைசிக் கொக்கிக்கும் முதல் எல்லுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அதில் கையை வைத்தேன். ஏணியில் ஏறி இறங்கிக் கோத்துக்கொண்டிருந்த மனிதர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, போனை எடுத்து, என்னைக் கேட்டிருக்கிறார். நான் மில்லில் நின்று அரை நிமிஷத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். நான் மறந்ததைத் தூண் அப்படியே வைத்திருந்தது.

“இந்த எடத்துலதாண்ணே அவரு எனக்குப் போன் போட்டாரு” என்றேன். “கொக்கி போட நேரம் பத்தாதுன்னு கேட்டாரு. நாந்தான் வாகா வளைச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அவர் மேல தப்பில்ல.”

கொத்திக்கொண்டிருந்தவர் சுத்தியலை நிறுத்தினார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த ரிங்குகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அன்னைக்கு நீ பஸ்ஸுக்குப் போன பொறவு எங்கிட்ட வந்து சொன்னாரு. ‘அம்மா சொல்லித்தான் செஞ்சேன் முதலாளி’ன்னு. எந்தங்கச்சி அப்படிச் சொல்ற ஆளு இல்ல, பொய் சொல்லாதன்னு நாந்தான் கையப் பிடிச்சு வெளிய தள்ளுனேன்.”

அண்ணன் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்பக்கம் போய் உட்கார்ந்தார். சுத்தியலோடு நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது தூணையும் கொத்தச் சொன்னேன்.